பார்த்த கண்ணும் சொன்ன முடிவும்

நம் மகனுக்கு அப்போது நான்கு வயது. காய்ச்சலுக்காக அவனை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். காய்ச்சலைக் கவனித்த மருத்துவர் குழந்தையின் உடல் முழுவதையும் சோதித்துவிட்டு, ஆணுறுப்பின் முன்தோல் பின்னோக்கி வரவில்லை என்றார். அடுத்த வாரமே அதனை நீக்கிவிடுவது நல்லது என்றும், அரைமணி நேர வேலைதான் என்றும் சொன்னார். தமிழ் படித்த நமக்கு உடற்கூறு பற்றி என்ன தெரியும்? தலையாட்டிவிட்டோம். அருகில் நின்ற இல்லத்தரசிதான் ஒரு கேள்வி கேட்டார்: "செய்யாம விட்டா என்ன ஆகும் டாக்டர்?"

மருத்துவர் பலவற்றையும் சொன்னார். கிருமித் தொற்று வரலாம்; பின்னாளில் சிரமம் வரலாம்; இந்த வயதில் செய்தால் வலி மறந்துவிடும். எல்லாம் சொன்னார், ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லவில்லை என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் இல்லத்தரசி சொன்னார்.

நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பணி ஓய்வு பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர் இருந்தார். மாலையில் அவரிடம் போனோம். குழந்தைக்குச் சிறுநீர் தடையின்றிப் போகிறதா, வீக்கம் உண்டா, வலி உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றோம். சிரித்தார். "வாத்தியாரய்யா, மொட்டைப் பிரிச்சு விட்டா அது பூவாகுமா? காலம் வரும்போது தானா விரியும். நீங்களும் இழுத்துப் பார்க்காதீங்க, மத்தவங்களையும் இழுக்க விடாதீங்க" என்றார். பிறகு, இந்த ஒரு சிறு தோலுக்காக மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேல் சண்டையிட்டிருக்கிறது என்று சொல்லி இரண்டு பெயர்களைக் குறிப்பிட்டார். ஒருவர் ஹட்சின்சன், மற்றவர் கெய்ர்ட்னர். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து, பின்னர் பல மாதங்கள் தேடித் தேடிப் படித்தோம். மகனின் பொருட்டுத் தொடங்கிய படிப்பு, போகப்போக நம் தொழிலையும் நம்மையும் பற்றியதாக ஆகிவிட்டது. அதைத்தான் ஈண்டு எழுத முற்படுகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். முன்தோல் நீக்கத்தை நம் இசுலாமிய நண்பர்கள் சுன்னத்து என்பர்; அதனையொட்டிய விழாவை மார்க்கக் கல்யாணம் என்றும் வழங்குவர். தமிழ் விவிலியம் விருத்தசேதனம் என்கிறது. யூதர்கள் ஆண்மகவு பிறந்த எட்டாம் நாளில் அதனைச் செய்கின்றனர். இவையெல்லாம் சமயக் கடமைகள். நோய் வரும், வராது என்ற கணக்கின் மேல் அவை நிற்கவில்லை. ஆகவே அவற்றைப் பற்றி நாம் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சமயக் கடமை அல்லாத ஓரிடத்தில், இங்கிலாந்தின் கிறித்தவக் குடும்பங்களில், மருத்துவம் என்ற பெயரால் இந்த அறுவை எப்படி நுழைந்தது என்பதே நம் பேச்சு. அந்த நுழைவாயிலில் நிற்பவர்களில் தலையாயவர் ஜொனாதன் ஹட்சின்சன்.

ஹட்சின்சன் 1828 ஜூலை 23 அன்று யார்க்‌ஷயரில் உள்ள செல்பி என்னும் சிற்றூரில், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆரவாரமற்ற வாழ்வும் உண்மை பேசுதலும் அப்பிரிவினரின் அடிப்படை ஒழுக்கங்கள். யார்க் நகரில் ஒரு மருத்துவரிடம் பயிற்சி பெற்று, பின்னர் இலண்டன் சென்று புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் ஜேம்ஸ் பேஜட்டிடம் பயின்றார். 1850இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்றார். அக்காலத்தில் ஒரு மருத்துவர் ஒரு துறையோடு நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. இவர் அறுவை மருத்துவர், கண் மருத்துவர், தோல் நோய் மருத்துவர், பால்வினை நோய்களில் பேரறிஞர். இலண்டன் மருத்துவமனையிலும் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையிலும் பிளாக்ஃபிரையர்ஸ் தோல் மருத்துவமனையிலும் நோயாளிகளைப் பார்த்தார். எங்கே எதைப் பார்த்தாலும் குறித்துவைத்துக்கொண்டார்; ஓவியரை அழைத்து வரையச் செய்தார். 1889 தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல், தொகுதி தொகுதியாக ஒரு மருத்துவ இதழைத் தம் கையாலேயே எழுதி நிரப்பினார்.

தமிழ் படித்த நம்மை அவர்பால் ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. பின்னாளில் நரம்பு மருத்துவத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்பட்ட ஹியூலிங்ஸ் ஜாக்சன், இளமையில் மருத்துவத்தை விட்டுவிட்டுத் தத்துவமும் எழுத்துமாகப் போய்விட எண்ணியிருந்தார். அவரை இலண்டனில் ஆதரித்து, மருத்துவத்திலேயே இருக்கும்படி வற்புறுத்தியவர் ஹட்சின்சன். எழுத்துலகம் ஒருவரை இழந்தது; மருத்துவம் பெரும்பேறு பெற்றது. பிறரிடம் இருக்கும் ஆற்றலைக் கண்டுகொள்ளும் கண்ணும் அவருக்கு இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அந்தக் கண்ணின் பெருமைக்கு ஒரு சான்று காட்டுவோம். பார்வை மங்கிய குழந்தைகள் அவரிடம் வந்தனர். கருவிழியில் அழற்சி. அவர் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்த்தார். நிலைத்த பற்களில் மேல்வரிசை நடு வெட்டுப்பற்கள் குறுகி, விளிம்பில் பிறை போல் வெட்டுண்டிருந்தன. அக்குழந்தைகளுள் சிலருக்குக் காதும் கேட்கவில்லை. கண், பல், காது ஆகிய மூன்றும் ஒரே குழந்தையிடம் கூடி வருவதைக் கண்டு, தாய் தந்தையரையும் உடன்பிறந்தாரையும் விசாரித்து, இது பெற்றோரிடமிருந்து வந்த சிபிலிஸ் என்றார். நம் பழைய மருத்துவத்தில் கிரந்தி என்று சொல்லப்பட்ட நோய் அது. 1858இல் பற்களைப் பற்றி எழுதினார். 1863இல் கண், காது நோய்களையும் சேர்த்து நூலாக்கினார். நோய்க்கான கிருமி கண்டுபிடிக்கப்பட்டது 1905இல்; குருதிச் சோதனை வந்தது 1906இல். அதாவது, கிருமி இன்னதென்று யாரும் அறியாத காலத்தில், வெறும் கண்ணால் பார்த்து அவர் சொன்னது சரியாயிற்று. 'ஹட்சின்சன் பற்கள்' என்றே மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர்.

அவருடைய நேர்மைக்கும் ஒரு சான்று உண்டு. அக்காலத்தில் அம்மைப்பால் ஒருவர் கையிலிருந்து எடுத்து அடுத்தவர் கையில் குத்தப்பட்டது. அவ்வாறு குத்தும்போது சிபிலிஸும் பரவக்கூடும் என்பதை 1871இல் நோயாளிகளைக் காட்டி நிறுவியவர் ஹட்சின்சன். அவர் அம்மை குத்துதலுக்கு எதிரி அல்லர், ஆதரவாளர். தம் கட்சிக்குப் பாதகமான உண்மையையும் மறைக்காமல் சொன்னார். இப்படிப்பட்ட ஒருவரை மூடர் என்றோ கொடியவர் என்றோ சொல்லித் தள்ளிவிட முடியாது. நம் சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

1855ஆம் ஆண்டுக்கு வருவோம். ஹட்சின்சனுக்கு 27 வயது. இலண்டனில் மெட்ரோபாலிட்டன் ஃப்ரீ ஹாஸ்பிட்டல் என்னும் இலவச மருத்துவமனையில் பணிபுரிகிறார். அங்கே யூத நோயாளிகள் மிகுதியாக வருவர். 1854ஆம் ஆண்டில் பால்வினை நோய்களுக்காக வந்தவர்களை அவர் கணக்கெடுத்தார். யூதர் அல்லாதார் 272 பேர். அவர்களில் வெட்டை நோய் 107 பேருக்கு, சிபிலிஸ் 165 பேருக்கு. யூதர் 58 பேர். அவர்களில் வெட்டை நோய் 47 பேருக்கு, சிபிலிஸ் 11 பேருக்கு. விழுக்காட்டில் சொன்னால், யூதர் அல்லாதாரில் ஏறத்தாழ 61 பேருக்குச் சிபிலிஸ். யூதரில் 19 பேருக்கே.

இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம்? யூதர்கள் ஒழுக்கம் மிக்கவர்கள், ஆகவே நோய் குறைவு என்று யாரேனும் சொல்லலாம். ஹட்சின்சன் அதற்கும் விடை வைத்திருந்தார். ஒழுக்கமே காரணம் என்றால் வெட்டை நோயும் குறைந்திருக்க வேண்டுமே, அது குறையவில்லையே! ஆகவே, சிபிலிஸை மட்டும் தடுக்கும் ஏதோ ஒன்று அவர்களிடம் இருக்கிறது. அது முன்தோல் இல்லாமையே என்று முடித்தார். முதன்முறை இதைப் படித்தபோது நாம் வியந்துபோனோம். எதிர்க்கட்சியின் வாதத்தைத் தானே எழுப்பி, தன் எண்களைக் கொண்டே அதை மறுக்கும் முறை நம் உரையாசிரியர்களை நினைவூட்டியது.

இரண்டாம் முறை படித்தபோதுதான் ஐயங்கள் எழுந்தன. ஒரே மருத்துவமனை, ஒரே ஆண்டு, யூதர்கள் 58 பேர் மட்டும். அவர்கள் நோய்க்கு வந்தவர்கள். வராதவர்கள் எத்தனை பேர் என்பது கணக்கில் இல்லை. யூதர்கள் வெட்டை நோய்க்கு உடனே மருத்துவமனைக்கு வரும் பழக்கமுடையவர்களாக இருந்திருந்தால், அந்த 47 பெருகும். 11இன் விழுக்காடு தானே சுருங்கும். அவர்கள் யாரோடு பழகினார்கள், எந்த வட்டத்துக்குள் உறவு கொண்டார்கள் என்பதும் நோய் பரவும் வேகத்தை மாற்றும். இன்னொன்று: கிருமி தெரியாத அந்நாளில், சிபிலிஸ் என்று எழுதப்பட்டவற்றுள் வேறு வகைப் புண்களும் கலந்திருக்க இடமுண்டு. யூதருக்கும் மற்றவருக்கும் இடையே தோல் ஒன்றா வேறுபாடு? மொழி வேறு, தெரு வேறு, மணஉறவு வேறு, உணவு வேறு. அத்தனை வேறுபாடுகளுள் ஒன்றை மட்டும் எடுத்து அதுவே காரணம் என்று ஹட்சின்சன் சொன்னார். அது காரணமாக இருக்கலாம்; ஆனால் அந்தப் பட்டியல் அதை நிறுவவில்லை.

ஒரு கட்டுரையோடு நின்றிருந்தால் குற்றமில்லை. ஆண்டுகள் சென்றன. ஹட்சின்சன் புகழின் உச்சிக்கு ஏறினார். 1889இல் அறுவை மருத்துவர்களின் அரச கல்லூரிக்குத் தலைவரானார். அடுத்த ஆண்டு தம் இதழில் முன்தோல் நீக்கத்துக்காக ஒரு வேண்டுகோளே எழுதினார். இப்போது அது சிபிலிஸ் தடுப்பு மட்டும் அன்று. தூய்மை, நல்லொழுக்கம், சிறுவர்கள் தற்புணர்ச்சியில் ஈடுபடாமை எனப் பயன்களின் பட்டியல் நீண்டது. 1891இல் தற்புணர்ச்சித் தடுப்பையே தலைப்பாக்கி எழுதினார். பொதுமக்கள் மனம் இடங்கொடுத்தால் இதைவிடக் கடுமையான முறைகளும் சிலருக்கு நன்மையாகவே முடியும் என்கிற அளவுக்குச் சென்றார். 1855இல் எண்களாவது இருந்தன. 1890இல் அவையும் இல்லை; தலைவர் சொல்கிறார் என்பதே சான்றாயிற்று.

அவர் ஒருவர்மேல் முழுப்பழியையும் சுமத்துவது நேர்மையாகாது. தற்புணர்ச்சி பித்தையும் வலிப்பையும் தரும் என்று அக்கால மருத்துவ உலகமே நம்பியது. கடலுக்கு அப்பால், நியூயார்க்கில், எலும்பு அறுவை மருத்துவத்தின் முன்னோடியான லூயிஸ் சேயர் 1870இல் ஒரு சிறுவனைக் கண்டார். ஐந்து வயது, முழங்கால் நிமிராமல் நடக்க இயலாதவன். முன்தோல் இறுக்கத்தால் நரம்புகள் உறுத்தப்படுவதே காரணம் என்று கருதி அதனை நீக்கினார். சிறுவன் தேறிவிட்டான். உடனே, கால் முடக்கத்துக்கும் இன்னும் பல நோய்களுக்கும் இதுவே மருந்து என்ற கொள்கை பிறந்தது. சேயரும் 1880இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவரானார். இரு நாடுகளிலும் இரு தலைவர்கள், இருவரும் திறமைசாலிகள், இருவரும் நல்லெண்ணம் உடையவர்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் நடுத்தர, மேட்டுக்குடிக் குடும்பங்களில் ஆண் குழந்தைக்கு இந்த அறுவை வழக்கமாகிப் போனதற்கு இத்தகையோரின் சொல் பெருந்துணை புரிந்தது.

ஹட்சின்சனின் மனம் எப்படி இயங்கியது என்பதை அறிய இன்னொரு கதையையும் பார்க்க வேண்டும். அந்தக் கதை நம் நாடு வரை வருகிறது. தொழுநோய் ஏன் வருகிறது என்ற கேள்வி 1860களிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. சரியாகப் பதப்படுத்தாத, கெட்டுப்போன மீனை உண்பதால் வருகிறது என்று அவர் முடிவுகட்டினார். கடற்கரை நாடான நார்வேயில் தொழுநோய் மிகுதியாக இருந்தது. அங்கே மீனும் மிகுதி. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். 1873இல் அதே நார்வேயைச் சேர்ந்த ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். ஹட்சின்சன் கிருமியை மறுக்கவில்லை. அது மீன் வழியாகத்தான் உடலுக்குள் புகுகிறது என்று தம் கொள்கையைத் திருத்தி நிறுத்திக்கொண்டார். எழுபது வயதைக் கடந்த பின், தம் சொந்த ஆர்வத்தால் தென்னாப்பிரிக்காவுக்கும் பின்னர் இந்தியாவுக்கும் பயணம் செய்து சான்று தேடினார். 1906இல் தொழுநோயும் மீன் உணவும் பற்றித் தனி நூலே எழுதினார்.

இந்தியாவில் அவர் கொள்கைக்குச் சோதனை காத்திருந்தது. மீனைக் கையாலும் தொடாத மக்களிடையேயும் இங்கே தொழுநோய் இருந்தது. ஒரு கொள்கை விழுவதற்கு அது போதும். ஹட்சின்சனுக்குப் போதவில்லை. அவர்கள் மறைவாக மீன் உண்டிருக்கலாம். அல்லது தொழுநோயாளி தொட்ட உணவை உண்டிருக்கலாம் என்றார். இப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டால் எந்தச் சான்றாலும் எந்தக் கொள்கையையும் வீழ்த்த முடியாது. மீன் உண்டவனுக்கு நோய் வந்தால் மீன் காரணம். உண்ணாதவனுக்கு வந்தால் அவன் பொய்யன்! அம்மைப்பாலின் தீங்கை மறைக்காமல் சொன்ன அதே மனிதர்தாம் இவர் என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1913 ஜூனில் மறையும் வரை அக்கொள்கையை அவர் கைவிடவில்லை. நெடுங்காலம் நெருங்கிப் பழகுவோரிடையே, மூக்கு, வாய் வழி வெளிப்படும் நீர்த்துளிகளால் அது பரவுகிறது என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து. மீனுக்கு அதில் பங்கில்லை.

பல், தோல், மீன் ஆகிய மூன்றிலும் அதே கண்தான், அதே உழைப்புதான், முடிவைச் சொன்ன குரலிலும் அதே உறுதிதான். ஒன்று சரி, ஒன்று அரைகுறை, ஒன்று தவறு. அவருடைய குரலைக் கொண்டு எது எதுவென்று அவர் காலத்தவர் அறிந்திருக்க முடியாது. பிறகு எதைக் கொண்டு அறிவது?

இவ்விடத்தில்தான் முதிய மருத்துவர் சொன்ன இரண்டாவது பெயர் வருகிறது. டக்ளஸ் கெய்ர்ட்னர் கேம்பிரிட்ஜில் குழந்தை மருத்துவர். 1949 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முன்தோலின் கதியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கேட்டது பெரிய தத்துவக் கேள்வி அன்று. நம் இல்லத்தரசி கேட்ட அதே கேள்விதான்: செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? நூறாண்டுக் காலமாக மருத்துவர்கள் குழந்தையின் முன்தோல் பின்னோக்கி வரவில்லை என்பதைப் பார்த்தனர். அது நோய் என்றனர். ஒன்றும் செய்யாமல் விடப்பட்ட குழந்தைகளுக்கு என்ன ஆகிறது என்று பொறுமையாக எண்ணிப் பார்த்தவர் எவருமிலர். கெய்ர்ட்னர் எண்ணினார். பிறந்த குழந்தைகளில் 4 விழுக்காட்டினருக்கே முன்தோல் முழுதும் பின்வருகிறது. ஆறாம் மாதத்தில் 20, ஓராண்டில் 50, மூன்றாண்டில் 90 விழுக்காடு. பிறப்பில் தோல் உள்ளுறுப்போடு ஒட்டியிருப்பதுதான் இயற்கை. அது மெல்ல மெல்லத் தானே பிரிகிறது. நோயென்று கருதி அறுத்ததெல்லாம் பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு படியையே.

அவர் இன்னொன்றையும் எண்ணினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1940களில் இந்த அறுவையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்குப் பதினாறு அளவில் இருந்தன. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஹட்சின்சனின் கணக்கேட்டில் பயன் என்ற பத்தி மட்டுமே இருந்தது. செலவு என்ற பத்தியைக் கெய்ர்ட்னர் திறந்தார். அதன்பின் பிரிட்டனில் இந்த வழக்கம் வேகமாகக் குறைந்தது.

கெய்ர்ட்னரும் முற்றமுடிந்தவர் அல்லர். மூன்று வயதில் 90 விழுக்காடு என்ற அவர் கணக்கும் சற்று அவசரமானதே. டென்மார்க்கில் யாக்கப் எஸ்டர் என்பவர் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1968இல் எழுதினார். ஆறேழு வயதில் 8 விழுக்காட்டினருக்கு இருந்த இறுக்கம், பதினாறு பதினேழு வயதில் 1 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஒட்டியிருக்கும் தோல் பிரிவதும் பதின்பருவம் வரை தொடர்ந்தது. எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற எல்லை பின்னுக்குத் தள்ளப்பட்டது. அறிவியலின் அழகு இதில்தான் இருக்கிறது. திருத்தியவரையும் திருத்த இன்னொருவர் வருகிறார். அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தபோது ஆப்பிரிக்கா குறுக்கிட்டது. எய்ட்ஸ் கிருமி பரவிய காலத்தில், முன்தோல் நீக்கிய ஆண்களிடையே அது குறைவு என்பதைப் பலர் கவனித்தனர். 1855இன் பட்டியலைப் போன்ற கவனிப்புதான். ஆனால் இம்முறை அதோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்காவிலும் கென்யாவிலும் உகாண்டாவிலும், இசைந்து முன்வந்த வயதுவந்த ஆண்கள் ஆயிரக்கணக்கில், திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை. மறு பிரிவினருக்குப் பின்னர். யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டு முடிவு செய்ததால், இனம், தெரு, ஒழுக்கம், பழக்கம் எல்லாம் இருபுறமும் ஏறத்தாழச் சமமாகக் கலந்துவிட்டன. 2005இலும் 2007இலும் முடிவுகள் வெளிவந்தன. பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 50 முதல் 60 விழுக்காடு வரை குறைந்தது. அந்நோய் மிகுந்த நாடுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் இதனைத் தடுப்புமுறைகளுள் ஒன்றாகப் பரிந்துரைத்தது.

ஹட்சின்சன் வென்றுவிட்டார் என்று சொல்வாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தோலுக்கும் தொற்றுக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று அவர் ஐயுற்றது வீண்போகவில்லை. அந்த மதிப்பை அவருக்குத் தரவேண்டும். ஆனால் உகாண்டாச் சோதனையில், அவர் குறிவைத்த சிபிலிஸ் குறைந்ததாகத் தெரியவில்லை. மேலும், அந்த ஆண்கள் தம் வாயால் சம்மதம் சொன்னவர்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தை சம்மதம் சொல்லவில்லை. நோய் மிகுந்த நாட்டில் வயதுவந்தவருக்கு உதவிய ஒன்று, வேறு நாட்டில் நான்கு வயதுக் குழந்தைக்கும் வேண்டும் என்பது மறுபடியும் 1890க்குத் திரும்புவதாகும். சமயத்துக்காகச் செய்யும் உரிமைக்கும் குழந்தையின் உடல் உரிமைக்கும் இடையேயான வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனியில் 2012இல் கொலோன் நீதிமன்றம் எதிராகத் தீர்ப்புச் சொல்ல, அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் அனுமதித்துச் சட்டம் இயற்றியது. அந்த வழக்கை மருத்துவ எண்களால் மட்டும் முடித்துவிட முடியாது. அது வேறு தராசு.

இவ்வளவும் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நம் கல்லூரி வாழ்வில் ஒன்று நேர்ந்தது. சொல்லக் கூச்சமாக இருப்பினும் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. இளங்கலை மாணவியர் இருவரின் உள்தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு வினாவுக்கு இருவரும் ஒரே உவமையை, ஒரே சொல்லடுக்கை எழுதியிருந்தனர். இருவரும் அடுத்தடுத்து அமர்ந்தவர்கள். இருபதாண்டு விடைத்தாள் பார்த்த கண் நமக்கு; ஐயமே எழவில்லை. பின்னால் அமர்ந்தவள் பார்த்து எழுதினாள் என்று முடிவுகட்டி, வகுப்பிலேயே கேட்டுவிட்டோம். அவள் இல்லை என்றாள். பொய்யும் சொல்கிறாள் என்று எண்ணி, அந்த வினாவுக்குச் சுழியமிட்டோம்.

ஒரு மாதம் கழித்து, வேறொரு பேச்சினூடே தெரியவந்தது. இருவரும் மேல்நிலைப் பள்ளியில் ஒரே தமிழாசிரியரிடம் படித்தவர்கள். அந்த உவமை அவர் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனனம் செய்யச் சொன்னது. ஒருத்தி மற்றவளைப் பார்க்கவில்லை. இருவரும் மூன்றாம் இடத்திலிருந்து பெற்றிருந்தனர். நாம் பார்த்தது சரி. இரண்டு விடைகளும் ஒன்றுபோல்தான் இருந்தன. அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. அவள் இல்லை என்று சொன்னபோது அதைப் பொய் என்று வைத்துக்கொண்டோமே, அது ஹட்சின்சனின் மீன் கொள்கையே அன்றி வேறென்ன?

மதிப்பெண்ணைத் திருத்தினோம். வகுப்பில் குற்றம் சாட்டியதால், வகுப்பிலேயே வருத்தமும் தெரிவித்தோம். அந்தப் பெண் எழுந்து, "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள். அதன்பின் நம் வகுப்பில் அவள் வாய்திறந்து ஒரு கேள்வியும் கேட்டதில்லை. மதிப்பெண்ணைத் திருப்பித் தரமுடிந்தது. அதைத் தர முடியவில்லை. அறுத்தெடுத்த பின் ஒட்டவைக்க முடியாதவை பல இருக்கின்றன.

ஆகவே ஹட்சின்சனை நாம் பழிக்கவில்லை. நோயாளியின் வாயைத் திறந்து பல்லையும் பார்க்கிற அந்தக் கண் ஆசிரியருக்கும் வேண்டும், ஆய்வாளருக்கும் வேண்டும். ஆனால் அனுபவம் மிகமிக, பார்த்தது எது, நாமாகச் சேர்த்துக்கொண்டது எது என்ற கோடு மங்கிவிடுகிறது. நம் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல ஆளில்லாத உயரத்தில் அது முற்றிலும் அழிந்துபோகிறது. மருத்துவருக்கு முன் குழந்தையும் ஆசிரியருக்கு முன் மாணவரும் அப்படி எதிர்ச்சொல் சொல்ல இயலாதவர்களே. அவர்கள் சார்பில் கேட்கப்பட வேண்டிய கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் மகன் இப்போது நம் தோளுக்குமேல் வளர்ந்து நிற்கிறான். கத்தி தேவைப்படவே இல்லை. முதிய மருத்துவர் மறைந்துவிட்டார். முதலில் பார்த்த மருத்துவர்மேல் நமக்குக் கோபமில்லை. அவர் கற்றதைச் சொன்னார். விடைத்தாள் கட்டுகள் வரும் பருவங்களில் மட்டும், சிவப்புப் பேனாவை எடுக்கும்முன் இல்லத்தரசியின் கேள்வி நினைவுக்கு வரும். செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பல வேளைகளில், ஒன்றும் ஆகாது என்பதே விடையாக இருந்திருக்கிறது.